எடுத்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள்

தேநீர்க் குவளையை நீட்டுவார். நாம் பிடிப்போம். அவர் விடமாட்டார். இரண்டு பேர் கையிலும் ஒரே குவளை இருக்கும்; ஆவி மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் மிஸ்."

அதன் பிறகுதான் விரல்கள் விலகும். தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஷா ஆலமில், ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமையே இது எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலை 9.10. மிஸ் ஒரு கோப்பைக் கொடுத்தார். நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். கோப்பின் அட்டை கிழிந்தது. தவறு என்னுடையதாம்."

எண்பதுகளின் பின்பாதி அது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நான் இரண்டு வயது மூத்தவன். அவர் கணினி அமைப்பை வடிவமைக்க வந்தவர். நான் கூட்டக் குறிப்பு எழுத வந்தவன். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் வேலை இதுதான். நான்கு நாடுகளின் கடற்படைகள் ஒரே கடலில் சேர்ந்து பயிற்சி செய்ய முடிவெடுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை அறை, தனி வரைபடம், தனிப் பழக்கம். ஒரு மீன்பிடிப் படகு கடலில் போனால் நான்கு அறைகளும் அதற்கு நான்கு பெயர் வைத்து நான்கு படகாக எண்ணின. நான்கு அறைகளுக்கும் பொதுவாக ஒரே திரை வேண்டும். அதில் ஒரு படகு ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். அந்தப் புள்ளியை அந்த நேரத்தில் எந்த நாடு கவனிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நாட்டுக்கு ஒரு நிறம். சிவப்புப் புள்ளி என்றால் சிவப்பு அறை அதற்குப் பொறுப்பு. அந்தப் படகு கூப்பிட்டால் அழைப்பு சிவப்பு அறைக்குத்தான் போகும்.

முதல் முறை நான்கு புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்து ஒன்றாகிய அன்று ஒரு புதன்கிழமை, மாலை 4.25. மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சேலை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கீழேயிருந்து திரையைப் பார்த்து, "ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணுதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் ஆறு பேரும் கைதட்டினோம். கீழ்த்தளத்துத் தொழிற்சாலைக்காரர்கள் என்ன ஆயிற்று என்று ஏறி வந்து பார்த்தார்கள்.

அவருடைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அலுவலகத்தில் எல்லாரையும் அழைத்திருந்தார். அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்களோடு எங்களைப் போலப் பேசுவார், வீட்டாரோடு அவர்கள் பேச்சு. மண்டபத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்று மடி மாறி மடி மாறிப் போய்க்கொண்டிருந்தது. பந்தி தொடங்கும் நேரத்தில் மிஸ் எழுந்து நின்றார்.

"பிள்ளை இப்ப ஆரிட்ட?"

அவர் அம்மா அலுத்துக்கொண்டார். "எல்லாரிட்டையும்தான் நிக்குது. நீ இரு."

"எல்லாரிட்டையும் எண்டா ஒருத்தரிட்டையும் இல்லை, அம்மா."

உண்மையில் ஒருவரிடமும் இல்லை. ஓர் அத்தை மற்ற அத்தையிடம் இருப்பதாக நினைத்தார். அவர் இவரிடம் இருப்பதாக நினைத்தார். பிள்ளை மேசைக்கு அடியில் யாரோ கழற்றிவைத்த செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டு சுகமாக இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, இவளுக்குத் தேங்காய்ப் பாதி குடுக்கிறதெண்டாலும் பதிவுத் தபால் மாதிரித்தான் குடுக்கவேணும்," என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் பிள்ளையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்டார். பதில் வந்த பிறகே கையை எடுத்தார்.

கார் ஓட்டும்போதும் இப்படித்தான். சுற்றுச்சாலையில் வேறொரு காருக்கு வழி விடுவார். அந்த ஓட்டுநர் கையை உயர்த்தும் வரை நகரமாட்டார். பின்னால் லோரிகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும்.

"மிஸ், போங்க லா. அடிக்க வந்துருவாங்க."

"நான் வழி குடுத்தேன். அவர் எடுக்கட்டும்."

எல்லா நேரமும் இது வேடிக்கையாக இருக்கவில்லை. எங்கள் தட்டச்சுப் பெண்ணுக்கு ஒருநாள் கடுமையான காய்ச்சல். வீட்டுக்குப் போக எழுந்தவளை நிறுத்தி, பாதி அடித்த தாள்கள் எவை, யாரிடம் போகின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அவள் அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது; நாட்குறிப்பில் எழுத்தின் அழுத்தத்தில் அது இன்னும் தெரிகிறது. ஆனால் அதே மிஸ் அவளைக் காரில் ஏற்றி ஜெஞ்சாரோமில் அவள் வீடு வரை கொண்டுபோனார். வழி காட்ட நானும் போனேன். வாசலில் அவள் அம்மா வாங்கி அணைத்துக்கொண்டார். மிஸ் நகரவில்லை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் மெதுவாக, "பிள்ள உங்ககிட்ட வந்துட்டான்னு சொல்லுங்க அக்கா, இல்லாட்டி இவங்க போகமாட்டாங்க," என்றேன்.

"வந்துட்டா மிஸ். என்கிட்டதான் இருக்கா," என்றார் அவர். மிஸ் தலையசைத்துவிட்டுக் காருக்கு வந்தார்.

இந்தக் குணத்தைத்தான் அவர் அந்த அமைப்பில் விதியாக எழுதினார். ஒரு படகு சிவப்பு நாட்டின் எல்லையைத் தாண்டி நீல நாட்டின் பகுதிக்குள் போகிறது. சிவப்பு அறை 'கொடுக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும். புள்ளி மினுங்கும், நிறம் சிவப்பாகவே இருக்கும். நீல அறை 'எடுத்துக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் நீலமாகும். அதுவரை சிவப்பு அறை விடமுடியாது, விட்டுவிட்டதாகச் சொல்லவும் முடியாது.

எங்கள் மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. கிள்ளான்காரர், நல்ல மனிதர். பெரிய அதிகாரிகள் முன்னால் நாற்காலி நுனியில் உட்காருபவர்.

"மிஸ், அந்த அறையில ஒரு கொமடோர் உக்காந்திருப்பார். அவர் குடுத்துட்டேன்னு சொன்னப்புறம், அங்க ஒரு சின்ன லெஃப்டினன்ட் 'எடுத்துட்டேன்'னு சொல்ற வரைக்கும் அவர் காத்திருக்கணுமா? பெரிய ஆளுங்க அப்படிக் காத்திருக்க மாட்டாங்க. மூணாவது பட்டன் ஒண்ணு வைங்க. மேலதிகாரி அமுக்குனா உடனே விட்டுரணும்."

"விட்டா யார்கிட்ட போகும், பாஸ்?"

"அடுத்த ரூமுக்குத்தான். வேற எங்க?"

"அடுத்த ரூம் எடுக்கலன்னா?"

"எடுப்பாங்க லா."

மூன்று வாரம் இது நடந்தது. பட்டனை வைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் கடைசியில் சொல்லிவிட்டார். மிஸ் மூன்றாவது பொத்தானை வைத்தார். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தியதும் புள்ளி தானாகவே அடுத்த நாட்டின் நிறத்துக்கு மாற வேண்டும் என்றார் மேலாளர். மிஸ் முடியாது என்றார்.

"எடுக்காதவங்க கலர எப்படிப் போடறது? அது பொய்."

"அப்ப என்ன கலர்?"

"சாம்பல்."

மேலாளர் சலித்துப்போய் ஒப்புக்கொண்டார்.

பரீட்சை நாள் வந்தது. போர்ட் கிள்ளானில், கரையோரமாக ஐந்து கொள்கலன் பெட்டிகளை அறைகளாக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். நான்கில் நான்கு நாட்டு அதிகாரிகள். ஐந்தாவதில் நடுவராக மிஸ். அவருக்கு நான்கு திரைகளும் தெரியும், எல்லாப் பேச்சும் கேட்கும். ஆனால் வாய் திறக்கக்கூடாது. நடுவர் பேசினால் பரீட்சை செல்லாது என்பது விதி. அதை எழுதியவரே மிஸ்தான். பரீட்சை செல்லாமல் போனால் நான்கு நாடுகளும் வேறொரு நிறுவனத்தின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். அவருடைய இரண்டு பொத்தான் விதியும் அதோடு போய்விடும்.

இலக்காக ஒரு மரப்படகு வேண்டியிருந்தது. அதில் ஏறி நடப்பதையெல்லாம் மணியோடு எழுத ஓர் ஆளும் வேண்டியிருந்தது. மேலாளர் என்னைக் காட்டினார். "உங்களுக்குத்தான் மணி பாக்கலன்னா சோறு எறங்காதே."

படகோட்டி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் என் அண்ணனைப் போலிருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கடல் பளபளத்தது. எங்களைச் சுற்றி நான்கு நாட்டுக் கப்பல்களும் தூரத்தில் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே திரையில் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையிலிருந்த வானொலியில் ஒவ்வொரு பத்து நிமிடமும் சிவப்பு அறையைக் கூப்பிட்டேன். உடனுக்குடன் பதில் வந்தது.

10.52. கேரி தீவைத் தாண்டி, எல்லைக் கோட்டைக் கடந்தோம். சிவப்பு அறையில் கொமடோர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் 'கொடுக்கிறேன்' பொத்தானை அழுத்தினார்கள். நீல அறையில் அந்த நேரம் வேறொரு கப்பலைத் தேடிக்கொண்டிருந்தார்கள், பதில் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். கொமடோர் கையை நீட்டி மூன்றாவது பொத்தானை அழுத்தினார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

10.57. எங்கள் இயந்திரம் இருமியது, நின்றது.

"பாஸ், செத்துப்போச்சு லா," என்றார் படகோட்டி, மூடியைத் திறந்துகொண்டே.

நான் வானொலியை எடுத்துச் சிவப்பு அறையைக் கூப்பிட்டேன். ஓசையில்லை. நீல அறையைக் கூப்பிட்டேன். ஓசையில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எங்கள் புள்ளி யாருக்கும் சொந்தமில்லாததால் எங்கள் அழைப்பும் அந்த நான்கு அறைகளில் எதற்கும் போகவில்லை.

"யாரும் எடுக்கலயா பாஸ்?"

"எடுக்கல."

"அப்ப அத யாரு பாப்பாங்க?" என்று கை காட்டினார். தெற்கிலிருந்து ஒரு கொள்கலன் கப்பல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருந்தது கப்பல் வழியின் நடுவில். அதன் மூக்கு எங்கள் பக்கம் நேராக இருந்தது; இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிந்தது. அதன் அர்த்தம் கடல் தெரியாத எனக்கே புரிந்தது. படகோட்டி துடுப்பை எடுத்தார். அலையில் படகு இருந்த இடத்திலேயே சுழன்றது. நான் சட்டையைக் கழற்றி ஆட்டினேன்.

10.59. வானொலியில் தமிழ் கேட்டது.

"நான் பேசறேன். உங்கள நான் வச்சிருக்கேன். கேக்குதா?"

"கேக்குது மிஸ்."

"இன்னொருத்தர் எடுத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன். எஞ்சினா?"

"ஆமா மிஸ். கப்பல் ஒண்ணு வருது. நேரா."

"தெரியுது. இன்னொரு கையில துறைமுகக்காரங்க போன்ல இருக்காங்க. கப்பல்ல வழிகாட்ட பைலட் ஏறியிருக்கார். அவருக்குச் சொல்லிட்டாங்க. சொன்னது போதாது, கேட்டுட்டாரான்னு கேட்டுட்டிருக்கேன்." போனில் ஆங்கிலத்தில் எதுவோ கேட்டார். "கேட்டுட்டார். எழுதிட்டிருக்கீங்களா?"

"இல்ல மிஸ்."

"எழுதுங்க. மணி போடுங்க."

எழுதினேன். 11.01. கப்பல் ஒரு நீண்ட ஊதல் ஊதியது. 11.03. அதன் இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகத் தெரிந்தது. 11.05. ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியதுபோல எங்களைக் கடந்து போனது. அதன் அலையில் படகு ஏறி விழுந்தது. நாங்கள் இருவரும் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று இன்றும் தெரியவில்லை. வானொலியில் அவர் நிமிடத்துக்கு ஒருமுறை, "இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

11.12-க்கு நீல நாட்டுப் படகு ஒன்று வந்து எங்களுக்குக் கயிறு போட்டது. மிஸ் அதன் மாலுமியிடம் மலாயில், "சூடா அம்பில்?" என்று கேட்டார். எடுத்தாயிற்றா என்று. "சூடா," என்றான் அவன். பெயரைக் கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு என்னிடம், "இப்ப அவர்கிட்ட இருக்கீங்க. நான் விடறேன்," என்றார். வானொலி அடங்கியது.

கரைக்கு வந்தபோது மேலாளர் ஐந்தாவது பெட்டியின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மிஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்துட்டீங்க மிஸ். எல்லாம் போச்சு. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா யாராவது எடுத்திருப்பாங்க."

"யார்?"

மேலாளர் என்னைப் பார்த்ததும் தோளில் கைவைத்தார்.

2.40-க்குக் கூட்டம். நான்கு நாட்டுத் தலைவர்களும் இருந்தார்கள். கூட்டக் குறிப்பில் பரீட்சை செல்லாது என்று முதல் வரி எழுதப்பட்டிருந்தது. இயந்திரம் நின்றபோது படகு யாரிடம் இருந்தது என்று ஒருவர் கேட்டார். நீலத்திடம் என்றது சிவப்பு. எங்களிடம் வரவே இல்லை என்றது நீலம். மிஸ் எழுந்து பதிவைத் திரையில் ஓடவிட்டார். சிவப்புப் புள்ளி மினுங்கியது, சாம்பலானது. சாம்பலாகவே இருந்தது. மேலாளர் திரையை நிறுத்தச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். கொமடோர் வேண்டாம் என்றார். புள்ளி நீலமாகும் வரை முழுதும் பார்த்தார்.

"அழுத்தியது நான்," என்றார் ஆங்கிலத்தில். "நான் விட்டால் யாராவது பிடித்திருப்பார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். யாரையும் கேட்டதில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இரண்டு பொத்தான் போதும். மூன்றாவது வேண்டாம்."

அங்கேயே மூன்று நாடுகள் கையெழுத்திட்டன. நான்காவது நாட்டுத் தலைவர் தன் தலைநகரைக் கேட்க வேண்டும், டெலக்ஸில் பதில் வரும் என்றார். அநேகமாகச் சரி என்றுதான் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேலாளர் மிஸ்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமையோடு மிஸ்ஸின் ஒப்பந்தம் முடிந்தது. சிங்கப்பூரில் அவருக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. அடுத்த புதன்கிழமை சேர வேண்டும். நாங்கள் கேக் வெட்டினோம், மீகோரெங் வாங்கிச் சாப்பிட்டோம். திங்கட்கிழமை காலை 8.55-க்கு வழக்கம்போல வந்து தன் மேசையில் உட்கார்ந்தார்.

"மிஸ், உங்க வேல முடிஞ்சுபோச்சே," என்றார் மேலாளர்.

"நாலாவது ஆள் இன்னும் எடுக்கல பாஸ்."

"அதான் எடுப்பாங்கன்னு தெரியுமே." சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டாவது முறை வந்தபோது குரல் கடுமையாக இருந்தது, எனக்கே கேட்டது. மிஸ் வருந்துவதாகச் சொன்னார், வரும் நாள் தெரியாது என்றார். அந்த வேலை போய்விடும் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். தட்டச்சுப் பெண், "ஒரு காகிதம்தானே மிஸ், வந்தா நான் வாங்கி வைக்கிறேன்," என்றாள். மிஸ் அவளைப் பார்த்துச் சிரித்தார், நகரவில்லை. ஒன்பது வேலைநாள் இப்படிப் போனது.

பத்தாவது நாள் வெள்ளி, காலை 11.35. டெலக்ஸ் இயந்திரம் தடதடத்தது. எல்லாரும் எழுந்துவிட்டோம். ஒரே வரி: மூன்றாவது பொத்தான் இல்லாத அமைப்பை ஏற்கிறோம். மேலாளர் சத்தமாகப் படித்தார். தட்டச்சுப் பெண் கைதட்டினாள். மிஸ் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பதில் அடித்தார்: இனி இது உங்களுடையது, உறுதி செய்யுங்கள்.

எழுவரும் அந்த இயந்திரத்தைச் சுற்றி நின்றோம். அது அமைதியாக இருந்தது. மேலாளர் எதுவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

11.44. எங்களிடம் இருக்கிறது, என்று வந்தது.

மிஸ் அந்தத் தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்தார். "போறேன்," என்றார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியது. நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். அவர் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அப்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் சிங்கப்பூர் போய்விடலாம்.